இரண்டு மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்?

ஒரு கோட்டை இரண்டு மடங்கு நீட்டினால் நீளம் 2 மடங்காகும். சதுரத்தின் பக்கத்தை அப்படி நீட்டினால் பரப்பு 4 மடங்கு. கனசதுரம் என்றால் கன அளவு 8 மடங்கு. மூன்றும் 2-இன் அடுக்குகள்தான்: ஒன்று, இரண்டு, மூன்று. அந்த அடுக்கு எண்தான் பரிமாணம். நீளம், அகலம், உயரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததைவிட எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். அடுக்கு என்று வந்துவிட்டால் அது முழு எண்ணாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே! 1904-இல் ஹெல்கே வான் கோக் என்ற ஸ்வீடன் கணிதர் விவரித்த நெளிகோட்டை 3 மடங்கு பெரிதாக்கினால், பழைய கோட்டின் 4 பிரதிகள் அதற்குள் அடங்கும். 3-இன் எந்த அடுக்கு 4? சுமார் 1.26.

சரி, இயற்பியலில் நிறை, நீளம், காலம் என்கிறார்களே, அது வேறு பரிமாணமா? வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேள்வி அதேதான், பொருளுக்குப் பதிலாக அளவுகோலை மாற்றுகிறோம், அவ்வளவே. மீட்டரை விட்டுச் சென்டிமீட்டருக்கு வந்தால் நீளத்தின் எண் 100 மடங்கு, பரப்பின் எண் 10,000 மடங்கு. எந்த அளவுகோலில் அளந்தாலும் சமன்பாடு நிற்க வேண்டுமானால் அதன் இரு பக்கமும் ஒரே மாதிரி மாற வேண்டும். 1822-இல் வெப்பம் பற்றிய தன் நூலில் ஃபூரியே இதைத் தெளிவாக எழுதிவைத்தார்.

இந்த எளிய நிபந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1945-இல் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் படங்கள் பின்னர் வெளியாயின. ஒவ்வொன்றிலும் நேரமும் அளவுகோலும் இருந்தன. குண்டின் ஆற்றல் மட்டும் ரகசியம். ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லருக்கு அந்தப் படங்களே போதுமானவையாக இருந்தன. நெருப்புக் கோளத்தின் ஆரத்தைத் தீர்மானிப்பவை ஆற்றல், காற்றின் அடர்த்தி, கடந்த நேரம் ஆகிய மூன்றும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றலின் பரிமாணம் நிறை × நீளத்தின் வர்க்கம் ÷ காலத்தின் வர்க்கம். அடர்த்திக்கு நிறை ÷ நீளத்தின் கனம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் நிறை அடிபட்டுப் போகும். அப்புறம் நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் காலமும் போய்விடும். மிஞ்சுவது நீளத்தின் ஐந்தாம் அடுக்கு மட்டும். ஆக, ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு = ஆற்றல் × நேரத்தின் வர்க்கம் ÷ அடர்த்தி. முன்னால் ஒரு வெற்று எண் வரலாம். இங்கே அது கிட்டத்தட்ட 1.

வெடித்து 0.025 நொடியில் ஆரம் சுமார் 140 மீட்டர். காற்றின் அடர்த்தியை கன மீட்டருக்கு 1.25 கிலோகிராம் என்று போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 26 கிலோடன் வருகிறது (ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்தான் ஒரு கிலோடன்). அமெரிக்க அரசு நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு 21.

அந்த வெற்று எண்களைப் பற்றிப் பரிமாணம் வாயே திறக்காது; ஊசலின் சூத்திரத்தில் வரும் 2π-யும் அப்படித்தான். அலகு விஷயத்திலும் அதே மௌனம். 1999-இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரின் உந்துகையை ஒரு மென்பொருள் பவுண்டு-நொடியில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் பரிமாணம் ஒன்றுதான், எண் மட்டும் 4.45 மடங்கு வித்தியாசம். விண்கலம் போனது போனதுதான்.