அப்பெர்த்தூரா, கிளௌசூரா: தமிழில் என்ன சொல்வது?

மத்திய அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர் முதல் வரியிலேயே முட்டிக்கொள்ளும் சொற்கள் இவை. லீக்கின் ஓராண்டுப் பருவத்தை இரண்டு தனித் தொடர்களாகப் பிரித்து ஆடும்போது முதல் தொடருக்கு அப்பெர்த்தூரா, இரண்டாவதற்குக் கிளௌசூரா என்று பெயர். "ஒலிம்பியா 2012 அப்பெர்த்தூராவை வென்றது, 2013 கிளௌசூராவையும் வென்றது" என்று ஹோண்டுராஸ் செய்தி சொல்கிறது. இதை "2012-13 லீக்கின் முதல் பாதியிலும் இரண்டாம் பாதியிலும் ஒலிம்பியா முன்னிலை" என்று எழுதினால் செய்தியே மாறிப்போகும். அந்த நாட்டுக் கணக்கில் அவை இரண்டு இறுதியாட்டங்கள், இரண்டு சாம்பியன் பட்டங்கள்.

முதலில் ஒலிப்பு. இரண்டும் ஸ்பானியச் சொற்கள். அப்பெர்த்தூராவில் அழுத்தம் 'தூ'வில் விழும், கிளௌசூராவில் 'சூ'வில். ஸ்பானியத்தில் 'த' பல்லொலிதான், அதனால் தமிழுக்கு இது எளிது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் 'அபெர்ச்சுரா', 'கிளாஷுரா' என்று எழுதிவிடுகிறார்கள். ஒற்றைப் பகரத்தோடு 'அபெர்த்தூரா' என்று எழுதினால் தமிழ் வாசகர் நடுப் பகரத்தை மெலிதாகவே படிப்பார். வல்லொலி வேண்டுமென்றால் இரட்டித்து எழுதுவதே சரி.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'அப்பெரீரே' என்றால் திறத்தல், 'கிளௌதெரே' என்றால் மூடுதல். கேமராவில் ஒளி நுழையும் துளையின் ஆங்கிலப் பெயரும் முதல் வேரிலிருந்து பிறந்ததே. ஆனால் ஸ்பானியத்தில் இந்தச் சொற்கள் கதவைத் திறந்து மூடுவதோடு நிற்பதில்லை. சதுரங்க ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளுக்கும் அப்பெர்த்தூரா என்றுதான் பெயர். மாநாடோ விழாவோ முடியும் நாளின் நிகழ்ச்சி கிளௌசூரா. அதே சொல் அதிகாரிகள் கடைக்கு முத்திரை வைப்பதையும் குறிக்கும், வெளியுலகத் தொடர்பை விட்டு மடத்துக்குள்ளேயே வாழும் கன்னியரின் அடைவு வாழ்க்கையையும் குறிக்கும். கால்பந்துக்கு வந்து சேர்ந்தது விழாப் பொருள். தமிழாக்கத்தின் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இணைப் பெயர் பரவியதில் அர்ஜென்டினாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1990-91 பருவத்தை அங்கே இரண்டு தொடர்களாகப் பிரித்தார்கள். 1990 அப்பெர்த்தூராவை நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் வென்றது, 1991 கிளௌசூராவை போகா ஜூனியர்ஸ் ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றது. அந்த ஆண்டு விதிப்படி இருவரும் மோதித்தான் பருவத்தின் ஒரே சாம்பியனைத் தீர்மானிக்க வேண்டும். பெனால்டியில் நியூவெல்ஸ் வென்றது. தோல்வியே காணாமல் தொடரை முடித்த அணி பட்டமின்றி வீடு திரும்பியது. அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு தொடருக்கும் தனிப் பட்டம் என்றாயிற்று. இன்று இந்தச் சொற்களைக் கேட்டதும் நம் மனத்தில் வர வேண்டியது இந்த இரண்டாவது பொருள்தான். கோஸ்டா ரிக்காவிலும் 2007 வரை இரு வெற்றியாளரும் மோதி ஒரே சாம்பியன் என்ற பழைய முறை இருந்தது. ஆகவே பழைய பட்டியலைப் பார்க்கும்போது எந்த நாடு, எந்த ஆண்டு என்பதைக் கவனிக்காமல் 'பட்டம்' என்று எழுதிவிடக் கூடாது.

ஹோண்டுராஸ் 1997-98 பருவத்தில் இந்த முறைக்கு மாறியது. முதல் இரண்டு பட்டங்களையும் மோத்தாகுவாதான் எடுத்தது. நடைமுறை இப்படி: பருவம் ஜூலை அல்லது ஆகஸ்டில் தொடங்கும். பத்து அணிகள் என்றால் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை என 18 ஆட்டம் ஆடும். குவாத்தமாலாவைப் போலப் பன்னிரண்டு அணிகள் இருந்தால் 22 ஆட்டம். பிறகு மேலிடத்து அணிகள் வெளியேற்றுச் சுற்றுக்குப் போகும். ஹோண்டுராஸில் பல பருவங்களில் ஆறு அணிகள் போயின: முதல் இரண்டு நேரே அரையிறுதிக்கு, மற்ற நான்கும் தமக்குள் மோதி வர வேண்டும். டிசம்பர் வாக்கில் இறுதியாட்டம், கோப்பை, ஊர்வலம். ஜனவரியில் புள்ளிப் பட்டியல் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். அதே பத்து அணிகள் இன்னொரு 18 ஆட்டம் ஆடி, மே மாதத்தில் இன்னொரு சாம்பியனைத் தரும்.

கல்லூரிப் பருவத் தேர்வை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். முதல் பருவத்தில் எடுத்த மதிப்பெண் இரண்டாவதோடு சேராது. ஆனால் ஒரு முக்கிய விஷயத்துக்கு இரண்டையும் கூட்டுவார்கள்: யார் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது என்று முடிவு செய்ய. இரு தொடர்களின் 36 ஆட்டப் புள்ளிகளையும் சேர்த்த கூட்டுப் பட்டியலில் கடைசியாக இருக்கும் அணிக்குத்தான் தரமிறக்கம். அதனால் டிசம்பரில் அடிமட்டத்தில் கிடந்த அணி மே மாதத்தில் அரையிறுதி வரை வந்தும் இறங்கிப்போகலாம். "அரையிறுதி அணி எப்படி இறங்கும், செய்தியில் பிழை" என்று அவசரப்பட வேண்டாம்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 2011 அப்பெர்த்தூராவிலிருந்து 2013 கிளௌசூரா வரை ஒலிம்பியா தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது. ரசிகர்கள் 'தெத்ரா' என்று கொண்டாடினார்கள். இதை "நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன்" என்று எழுதினால் பிழை. எல்லாம் இரண்டே பருவத்தில் நடந்தது. ஆண்டுக்கு ஒரே பட்டம் இருந்த காலத்து அணியோடு இன்றைய அணியைப் பட்ட எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவதும் நியாயமில்லை.

இனித் தமிழ்ச் சொல். அகராதியை நம்பி 'திறப்பு', 'மூடல்' என்று போட்டால் கடைவாசல் வாடை அடிக்கும். '2020 மூடல்' என்றால் லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று படிப்பார்கள். 'முதல் சுற்று, இரண்டாம் சுற்று' அதைவிட ஆபத்து. ஒவ்வொரு தொடருக்குள்ளும் ஏற்கெனவே சுற்றுகள் இருக்கின்றன, புள்ளிகள் தொடர்ந்து கூடுகின்றன என்ற பொய்ப் பொருளும் ஏறிக்கொள்ளும். 'முற்பாதி, பிற்பாதி' என்பதிலும் அதே குறை. 'முன்தொடர், பின்தொடர்' சிக்கனமாகத் தோன்றும், ஆனால் 'பின்தொடர்' என்றதும் சமூக ஊடகப் பொத்தான்தான் நினைவுக்கு வரும். 'இறுதித் தொடர்' என்றால் 'இறுதித் தொடரின் இறுதியாட்டம்' என்று நாக்கு சுழலும்.

தொடக்க விழா, நிறைவு விழா என்று தமிழில் எப்போதும் சொல்கிறோம். ஸ்பானியச் சொற்கள் வந்த வழியும் அதுதான். ஆகவே அப்பெர்த்தூரா தொடக்கத் தொடர், கிளௌசூரா நிறைவுத் தொடர். 'தொட' இரண்டு முறை வந்து சற்று இடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பொருள் வழுவவில்லை. இரண்டையும் தாங்கும் முழு ஆண்டுக்குப் பருவம் என்ற சொல்லை ஒதுக்கிவைக்கலாம். எழுதும்போது பருவத்துக்கு இரட்டை ஆண்டு, தொடருக்கு ஒற்றை ஆண்டு: '2012-13 பருவம்', '2012 தொடக்கத் தொடர்', '2013 நிறைவுத் தொடர்'. '2012-13 சாம்பியன்' என்று தனியாக எழுதினால் எந்தப் பட்டம் என்று தெரியாது.

இந்தப் பொருள்கோளுக்குப் பெலிஸ் நல்ல சாட்சி. மத்திய அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடு அது. அதன் பிரீமியர் லீக் இதே இரண்டு தொடர்களையும் 'ஓப்பனிங் சீசன்', 'குளோசிங் சீசன்' என்றே அழைத்திருக்கிறது.

தொடக்கத் தொடரை 'ஆகஸ்ட் தொடர்' என்று மாதத்தால் பெயரிடவும் முடியாது. பனாமாவில் அண்மை ஆண்டுகளில் இரண்டு தொடர்களும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் நடக்கின்றன. அங்கே ஆண்டின் முற்பகுதியில் வருவதே அப்பெர்த்தூரா. நிறைவுத் தொடர் என்றால் நிறைவடைந்தே தீரும் என்பதுமில்லை. 2020இல் கொரோனாவால் ஹோண்டுராஸின் கிளௌசூரா பாதியில் கைவிடப்பட்டது, சாம்பியன் இல்லை. கோஸ்டா ரிக்காவில் ஆட்டம் மீண்டும் தொடங்கி சப்ரீசா பட்டம் வென்றது. எல் சல்வதோரில் 2023 மே 20 அன்று குஸ்கத்லான் மைதானத்தில் அலியன்சா, ஃபாஸ் அணிகளின் காலிறுதியில் நெரிசலில் சிக்கி 12 பேர் உயிரிழந்ததை அடுத்து அந்த நிறைவுத் தொடரே ரத்தானது.

இவற்றோடு ஒட்டி வரும் 'லிகீயா' என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். நேர்ப்பொருள் 'குட்டி லீக்'. ஆனால் பெயரில்தான் லீக். நடப்பது பெரும்பாலும் இரண்டிரண்டு ஆட்டமாக மோதி, தோற்றவர் வெளியேறும் சுற்று. வெளியேற்றுச் சுற்று என்றே எழுதலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் இடறவைப்பது கோஸ்டா ரிக்காதான். 2007 முதல் சுமார் பத்தாண்டு அந்த நாடு தன் தொடர்களை 'இன்வியெர்னோ', 'வெரானோ' என்று அழைத்தது. அகராதி 'குளிர்காலம்', 'கோடை' என்கிறது. ஆனால் அந்த இன்வியெர்னோ ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடியும். பனியே காணாத மைதானத்தில் எங்கிருந்து குளிர்காலம் வரும்? மத்திய அமெரிக்க மக்கள் பேச்சில் இன்வியெர்னோ என்பது ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை பெய்யும் மழைக்காலம். வெரானோ என்பது டிசம்பருக்குப் பின் வரும் மழையற்ற மாதங்கள். ஆகவே மழைக்காலத் தொடர், கோடைத் தொடர் என்பதே சரி. 'கார்காலத் தொடர்' என்றாலும் அழகாகவே இருக்கும். அலஹுவேலென்சே 2013 இன்வியெர்னோவை வென்றபின் அடுத்த பட்டத்துக்காக 2020 அப்பெர்த்தூரா வரை காத்திருந்தது. பெயர் வேறானாலும் இரண்டும் ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் அதே தொடர்தான்.

மெக்சிகோவிலும் 1996 முதல் 2002 வரை இதே இரண்டு பெயர்களும் இருந்தன. அங்கே டிசம்பர் குளிரைக் கருதி வைத்த பெயர் என்பதால் இன்வியெர்னோவுக்குக் குளிர்காலம் பொருந்தும். ஒரே சொல்லானாலும் எல்லையைத் தாண்டினால் தமிழும் மாற வேண்டியிருக்கிறது.