ஸ்காட்டிஷ் ஏல்: ‘பியர்தானே’ என்று வண்டியை எடுக்காதீர்கள்

நண்பர்களோடு ஸ்காட்லாந்து சுற்ற வந்தவர் ஒருவர், இந்த வாரமும் அவசர சிகிச்சைப் பிரிவில். பதிலும் வழக்கமானதுதான்: “விஸ்கி தொடவே இல்லை டாக்டர், பியர்தான்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சரி, என்ன பியர்? லேபிளில் ஏபிவி, அதாவது ஆல்கஹால் அளவு, எத்தனை சதவீதம் போட்டிருந்தது? அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஏல் என்பது பியரில் ஒரு வகை. அதில் ‘வீ ஹெவி’ எனும் ஸ்காட்லாந்தின் கடும் ஏலில் மால்ட் (முளைகட்டிய தானியம்) சுவை தூக்கலாகவும் ஹாப்ஸ் எனும் பூவின் கசப்பு அடக்கமாகவும் இருக்கும். சர்க்கரைப்பாகு, உலர்திராட்சை மணம். இன்னர்லெய்தன் பக்கம் ட்ராகுவேர் மாளிகையில் இன்றும் ஓக் தொட்டியில்தான் நொதிக்க வைக்கிறார்கள். அவர்களின் ஹவுஸ் ஏல் 7.2%. அருமையான சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிப்பு ஆல்கஹாலின் காரத்தை அப்படியே மூடிவிடும். நாக்கை நம்பி அளவு போட முடியாது.

நிறத்தை நம்பியும் போட முடியாது. ஆர்க்னி ப்ரூவரியின் டார்க் ஐலண்ட் கருப்பாக இருக்கும், 4.6% தான். அதே ப்ரூவரியின் ஸ்கல் ஸ்ப்ளிட்டர் செம்பழுப்பு, 8.5%. சில ஏல்களின் பெயரில் வரும் ‘80 ஷில்லிங்’ என்பதில் உள்ள 80 பழைய விலைக் கணக்கு, ஆல்கஹால் அளவு அல்ல. அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம்.

கணக்கு எளிது: மில்லியை ஏபிவியால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள், ஆல்கஹாலை இங்கே அளக்கும் ‘யூனிட்’ கிடைக்கும். 330 மில்லி ஸ்கல் ஸ்ப்ளிட்டர் 2.8 யூனிட். 25 மில்லி விஸ்கி 1 யூனிட். ஆக ஒரு சின்ன பாட்டில் என்பது கிட்டத்தட்ட மூன்று விஸ்கி. நாலு பாட்டில் என்றால் 11 யூனிட்டுக்கு மேல். ஈரல் ஒரு யூனிட்டைக் கரைக்க சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். இரவு 11 மணிக்கு நிறுத்தியவர் காலை 8 மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கலாமா? கூடாது. காபி, குளியல், மோர், எலுமிச்சை எதுவும் இதை வேகப்படுத்தாது. தூங்கி எழுந்தால் தெளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இங்கிலாந்துச் சட்டத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50 தான். மாட்டினால் குறைந்தது 12 மாதம் வண்டி ஓட்டத் தடை, கூடவே குற்றப் பதிவு. போலீஸ் சோதனையில் ஊத மறுப்பதும் குற்றமே.

சர்க்கரை நோயாளிகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்சுலினோ க்ளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். தூங்குமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள். லோ சுகரில் வரும் உளறலும் வியர்வையும் போதை மாதிரியே தெரியும். நண்பர்கள் போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓட்டுபவர் யார் என்று பப்புக்குள் நுழையுமுன் முடிவு செய்யுங்கள். அவருக்கு அன்று ஒரு மிடறும் கிடையாது. குடிக்கும் மற்றவர்களுக்கும் முழு பைன்ட் (பப்பில் ஊற்றும் பெரிய கிளாஸ் அளவு) வேண்டாம், அரை பைன்ட் கேளுங்கள், தருவார்கள். எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இங்குள்ள அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.