அம்புக்குறி வந்த பின் ஆர்பிஜி விளையாட்டுகளில் குறைந்து போனவை

ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் கணினி விளையாட்டுகளுக்குக் குவெஸ்ட் (ஆடுபவர் நிறைவேற்ற வேண்டிய பணி) வடிவமைப்பது என் தொழில். வெளியீட்டுக்கு முன் ஒரு விளையாட்டைச் சோதனையாளர்களிடம் கொடுத்து, அவர்கள் ஆடுவதைப் பின்னால் அமர்ந்து கவனிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அப்போது ஒரு காட்சி என்னைத் தொடர்ந்து வருத்துகிறது. மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மலையும் ஊரும் திரை முழுவதும் விரிந்து கிடக்கும். ஆடுபவரின் பார்வையோ மூலையில் உள்ள சிறு வரைபடத்தில், அடுத்துப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியை விட்டு நகராது. ஊரைக் கடந்து வந்தவரிடம், அங்கே ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அவரை அப்படிப் பழக்கியவர்கள் எங்கள் துறையினரே.

2002-இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட மாரோவிண்ட் என்ற ஆர்பிஜி விளையாட்டில் இந்த அம்புக்குறி கிடையாது. பால்மோரா என்னும் ஊரில் ஹாஸ்பட் ஆண்டபோலிஸ் என்பவர், ஆர்க்ங்தாண்ட் என்ற பாழிடத்திலிருந்து ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்து வரச் சொல்கிறார். வழியைச் சொற்களால்தான் சொல்வார்: ஊரின் தெற்கே வெளியேறி, ஆற்றைக் கடந்து, மூன்மாத் கோட்டையை ஒட்டிச் சென்று, பள்ளத்தாக்கின் மேல் கட்டப்பட்ட பழைய பாலத்தைத் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் கதவு எளிதில் திறக்காது; அருகில் இருக்கும் சுழற்றியைக் கண்டுபிடித்துத் திருப்ப வேண்டும். உள்ளே, கையளவுப் பெட்டி ஓர் அலமாரியில் மற்றப் பொருள்களோடு கிடக்கும். அதைப் பாராமல் கடந்து சென்று நெடுநேரம் அலைந்தவர்கள் பலர், நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாலமும் கோட்டையும் இன்றும் எனக்குப் பழகிய இடங்களாக நினைவில் நிற்கின்றன. நினைத்த இடத்துக்கு வரைபடத்தில் தாவிச் செல்லும் வசதியும் அதில் இல்லை. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பெரும்பூச்சி வண்டி, படகு, மந்திரவாதிகள் சங்கத்தின் இடமாற்ற மந்திரம் ஆகியவற்றில் எது எந்த ஊருக்குப் போகும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதை வெளியூர்ப் பேருந்துத் தடங்களைப் போல மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

இந்த ஆழம் குறைந்ததற்கு ஆடுபவர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை. முதன்மையான காரணம், தயாரிப்புச் செலவு. மாரோவிண்டில் உரையாடலின் பெரும்பகுதி எழுத்தில்தான் இருந்தது. ஒரு பத்தியைக் கூடுதலாக எழுத ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். அதே வரிசையில் 2006-இல் வந்த அடுத்த விளையாட்டான ஆப்லிவியனில் உரையாடல் முழுவதற்கும் நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். குரல் பதிவான பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் நடிகரை மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்க வேண்டும். ஆகவே வழி சொல்லும் நீண்ட பேச்சுகளும், சிலர் மட்டுமே எட்டக்கூடிய கிளைக்கதைகளும் முதலில் வெட்டுக்கு இலக்காகின்றன. அந்த இடத்தை அம்புக்குறி நிரப்புகிறது.

விதிகளும் சுருங்கின. மாரோவிண்டில் 27 திறன்கள் இருந்தன; ஆப்லிவியனில் அவை 21 ஆயின; அதே வரிசையில் 2011-இல் வந்த ஸ்கைரிமில் 18. எண்ணிக்கை குறைவதே இழப்பு என்று சொல்ல மாட்டேன். காற்றில் மிதக்கும் மந்திரம் நீக்கப்பட்டதை மட்டும் இழப்பு என்றே கருதுகிறேன், ஏனெனில் அந்த மந்திரம் இருந்தவரை ஒவ்வொரு மதிலும் ஆடுபவரை யோசிக்க வைத்தது. மாரோவிண்டில் கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்தது என்று எச்சரித்துவிட்டு விளையாட்டு நம்மைத் தொடர விடும். ஆப்லிவியனில் அத்தகையவர் மயங்கி விழுந்து மீண்டும் எழுந்துவிடுவார்.

சிக்கலான விதிகள் என்ன தர முடியும் என்பதற்கு, 1997-இல் வந்த ஃபால்அவுட் என்ற ஆர்பிஜி விளையாட்டின் இறுதிக் கட்டத்தையே இளம் வடிவமைப்பாளர்களுக்குக் காட்டுவேன். மனிதர்களைச் சூப்பர் மியூட்டன்ட்களாக (உருமாறிய பேருடல் உயிர்களாக) மாற்றப் புறப்பட்ட மாஸ்டர் என்ற எதிரியைச் சுட்டு வீழ்த்தலாம். ஆனால் அந்த மியூட்டன்ட்களால் இனப்பெருக்கம் செய்ய இயலாது என்ற சான்றை முன்பே தேடி வைத்திருந்து, பேச்சுத் திறனும் போதுமான அளவில் இருந்தால், அவரோடு வாதிட்டே அவருடைய திட்டத்தைத் தகர்த்துவிடலாம். தேடித் தெரிந்துகொண்ட ஒரு செய்தி அங்கே துப்பாக்கியை விட வலிமையானதாகிறது.

பழையவை எல்லாம் சிறந்தவை என்பது என் வாதமன்று. மாரோவிண்டின் நாட்குறிப்பு நடந்தவற்றைத் தேதி வரிசையில் கொட்டி வைத்தது. குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி பின்னர் வந்த ட்ரைப்யூனல் விரிவாக்கத்தில்தான் கிடைத்தது. அது ஆழமன்று, வெறும் இடையூறு. மறுபுறம், 2022-இல் வந்த எல்டன் ரிங் விளையாட்டு, குவெஸ்டுக்குப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் இல்லாமலேயே பெரும் வரவேற்பைப் பெற்றது.

அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அம்புக்குறியை நம்பி எழுதப்பட்ட விளையாட்டில் அது பயன் தராது; உரையாடலில் வழி சொல்லப்பட்டிராததால் ஆடுபவர் திக்குத் தெரியாமல் நிற்பார். 2018-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் மார்க்கருக்குப் பதிலாகக் குறிப்புகளைக் கொண்டு இடத்தைத் தேடும் முறை இருந்தது; அதற்கேற்ப வழிக்குறிப்புகளைத் தனியே எழுதியதால்தான் அது சாத்தியமாயிற்று. ஆகவே இப்போது நான் வழிகாட்டும் உரையாடலை முதலில் எழுதி, அம்புக்குறி சேர்க்கப்படும் முன்பே ஒரு சோதனையாளரிடம் கொடுத்து, அவர் எந்த இடத்தில் நின்று சுற்றிலும் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.