கன்று ஈன்ற முதல் மூன்று கிழமை

"ரெண்டு தரம் ஊசி போட்டாச்சு, மாடு சினை நிக்குதில்லை டொக்டர்." தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கிற குறை இது. நான் முதலில் விசாரிப்பது சினை ஊசி போட்ட நாளை அல்ல. கன்று ஈன்றபோது இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, எப்போது விழுந்தது என்பதைத்தான். பலருக்கு நினைவிருப்பதில்லை.

கொடி 12 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். 24 மணித்தியாலம் கடந்தால் அது தங்கிவிட்டது. தயவுசெய்து இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பைச் சுவரில் அது பல இடங்களில் பொத்தான் பூட்டியதுபோலப் பற்றியிருக்கும். இழுத்தால் சுவர் புண்ணாகும், அறுந்த துண்டு உள்ளே அழுகும். சினை கலைந்து கொடியும் தங்கினால் புருசெல்லா நோயாகவும் இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கலைந்த கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய்க்கு எட்டாத ஆழத்தில் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

ஈன்ற பின் இரண்டு மூன்று கிழமைக்குச் செங்கபில நிறத்தில் அழுக்கு வடிவது வழமை. நாற்றம் மட்டும் இருக்கக்கூடாது. தண்ணீராக நாறி வடிந்து, காய்ச்சலும் கண்டு, மாடு தீனியை வெறுத்தால் அன்றே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவேண்டாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது காய்ச்சலில்லாத வகை. மாடு தின்னும், பாலும் தரும். படுத்தெழும்பும்போது மட்டும் வெள்ளையாகச் சீழ் வழியும். மாடு சினைக்குத் தயாராகி வேட்கைக்கு வரும்போது வடியும் கோழை தெளிவாக இருக்கவேண்டும். அதில் சீழ் கலந்திருந்தால் அன்று சினைப்படுத்துவது வீண், முதலில் வைத்தியம். சில மாடுகளில் கருப்பை சீழால் நிரம்பி வேட்கையே நின்றுவிடும். சினை பிடித்துவிட்டதென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்க மனம் பொறுக்காது. சினைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 40 நாள் பிடிக்கும். அதற்குமுன் வேட்கை தெரிந்தால் திகதியைக் குறித்துவையுங்கள், ஊசிக்கு அவசரப்படவேண்டாம். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள் என்பதால், வருடம் ஒரு கன்று வேண்டுமானால் ஈன்று 85 நாளுக்குள் சினை நிற்கவேண்டும்.

நம் திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகள் காட்டோரம் போகின்றன. மாரியில் சேற்றுப் பட்டியிலேயே ஈனுகின்றன. எலும்பு தெரிய மெலிந்த மாட்டுக்கு வேட்கை பிந்தும். ஈனப்போகும் மாட்டை வீட்டுக்கருகே கொண்டுவந்து, காய்ந்த மேட்டில் வைக்கோல் பரப்பிக் கட்டுங்கள். கடைசி இரண்டு மாதம் பச்சைப் புல்லோடு தவிடும் புண்ணாக்கும் தாது உப்பும் கொடுங்கள்.