21ஆம் நாள் மாடு ஏன் மறுபடி கத்துகிறது?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கறவை மாட்டுக்காரர் கேட்கிறார்: "ரெண்டு தடவை சினை ஊசி போட்டாச்சு. ரெண்டு தடவையும் 21ஆம் நாள் கத்துது. கர்ப்பப்பையில புண்ணுங்களா?"

கத்துவது, சினை நிற்காமல் மாடு மறுபடி பருவத்துக்கு, அதாவது இணைசேரத் தயாரான நிலைக்கு, வந்ததன் அடையாளம். அப்போது பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழை கண்ணாடி போலத் தெளிவாக, சீழ் இழை எதுவும் இல்லாமல் ஒழுகினால், புண் என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம்.

சினை ஊசி என்பது உறையவைத்த விந்தைக் குழலால் உள்ளே செலுத்துவது. அந்த உறைவிந்துக் குச்சியில் இருப்பது கால் மில்லி. அதில் சுமார் 2 கோடி விந்தணு. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, கர்ப்பப்பை வாயைத் தாண்டியதும் விடுவார்கள். இதுவரை எல்லோரும் பார்த்ததுதான்.

மாட்டின் உடம்புக்கு விந்தணுவும் அந்நியன்தான். கருப்பைச் சுவரின் சுரப்பிக் குழிகளுக்குள் அது நுழைந்ததுமே, டி.எல்.ஆர்-2 என்ற காவல் புரதம் மணியடிக்கும். பாக்டீரியாவைக் கண்டால் மணியடிப்பதும் இதுவேதான். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் திரண்டு விந்தணுக்களை விழுங்கத் தொடங்கும். இது நோயல்ல, துப்புரவு. கூடவே புகுந்த அழுக்கும் கிருமியும் இதில் கழியும். கருக்குழாய்க்குத் தப்பி ஓடிய விந்தணுக்களுக்கோ அங்கே ராஜ மரியாதை: குழாயின் செல்கள் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2, வெள்ளையணுக்களின் பசியை அடக்கிவைக்கும்.

துப்புரவின் கடிவாளம் ஹார்மோன் கையில். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஓங்கியிருக்கும். கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும், கருப்பை சுருங்கிச் சுருங்கி அழுக்கை வெளியே தள்ளும். பிறகு சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற திசு வளர்ந்து புரோஜெஸ்டிரான் சுரந்தால், வாய் மூடும், காவலும் தளரும். வரப்போகும் கருவை விரட்டிவிடக் கூடாதே! பருவம் இல்லாத மாட்டுக்கு ஊசி போட்டால், குழலோடு போன அழுக்கு உள்ளேயே தங்கிச் சீழ் பிடிப்பது இதனால்தான். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்ற கணக்கை விடாதீர்கள்.

இனி அந்த 21. கரு இல்லையென்றால், 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பைச் சுவரில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் முளைக்கும். உடனே புரோஸ்டாகிளாண்டின் எஃப்-2 ஆல்ஃபா அலை அலையாகக் கிளம்பி கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் சரியும், மாடு கத்தும்.

கரு இருந்தால்? நூல் போல நீண்டு கிடக்கும் அது இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைக் கசியவிடும். அந்த ஏற்பிகள் முளைக்கவே முளைக்காது. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் தாக்கினால் செல்கள் எழுப்பும் அபயக் குரல். செம்மறியாட்டுக் கரு சுரக்கும் புரதமும் இன்டர்ஃபெரான் குடும்பம்தான் என்று 1987இல் தெரிந்தபோது ஆய்வாளர்களே திகைத்தார்கள். "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குச் சொல்ல, கரு வைரஸ் எச்சரிக்கையை இரவல் வாங்கியிருக்கிறது! தாயின் ரத்த வெள்ளையணுக்களும் ஏமாந்து, 18 முதல் 20ஆம் நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். எனக்கு இதைவிட அழகான தந்திரம் தெரியாது.

ஆக, சரியாக 21இல் திரும்பிய மாட்டில் அந்தக் குரல் எழவில்லை, அல்லது போதவில்லை. முட்டையும் விந்தணுவும் நேரம் தப்பியிருக்கலாம்; முதல் வாரத்துக் கரு சித்திரை வெயிலில் கருகியிருக்கலாம். கலப்பின மாடுகள் சூட்டில் சீக்கிரம் துவளும். 35, 40 நாள் கழித்துக் கத்தினால் கதை வேறு: கரு குரல் கொடுத்த பிறகு இறந்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு பருவம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். இந்தத் தேதிகளைப் பார்க்காமலே கர்ப்பப்பைக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றச் சொல்லிக் கேட்பது வீண் செலவு. ஊசி போட்ட தேதி, கத்திய தேதி, கோழையின் நிறம் மூன்றையும் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.