கேஸ்: காற்றும் இல்ல, ஆவியும் இல்ல

"கேஸ் புக் பண்ணியாச்சா?" இந்தக் கேள்விய ஸ்டேஷன்ல ஏட்டய்யா கேட்டா ஒரு அர்த்தம், வீட்டுல அம்மா கேட்டா வேற அர்த்தம். ஆங்கிலத்துல ரெண்டும் வேற வேற சொல், வேற வேற உச்சரிப்பு, நாமதான் ரெண்டையும் ஒரே எழுத்துல அடைச்சு வச்சிருக்கோம். அதனாலதான் சிலர் சிலிண்டர் சமாச்சாரத்த மட்டும் 'காஸ்'னு எழுதுறாங்க. இங்க பேசப் போறது அம்மா கேட்ட கேஸ் பத்தி, ஆனா ஏட்டய்யாவோட கேஸும் நடுவுல ஒரு தடவ வந்துட்டுப் போகும்.

பொதுவா ஒரு சொல்ல யாரு முதல்ல சொன்னாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. 'மரம்'ங்கிற சொல்ல உண்டாக்கினது யாரு? தெரியாது. ஆனா கேஸுக்கு அப்பன் பேரு, ஊரு எல்லாம் இருக்கு. பிரசெல்ஸ் பக்கத்துல வில்வோர்டேங்கிற ஊர்ல வாழ்ந்த வான் ஹெல்மான்ட்ங்கிற டாக்டர்தான் அது, பாதி டாக்டர் பாதி ரசவாதி. 1644ல செத்துப் போனாரு, அவரு எழுதி வச்சதையெல்லாம் அவரு பையன் சேத்து 1648ல ஆம்ஸ்டர்டாம்ல புத்தகமா போட்டாரு, அதுலதான் இந்தச் சொல் உலகத்துக்குத் தெரிய வருது.

சரி, எதுக்குப் புதுசா ஒரு சொல்? அவரு 62 பவுண்டு ஓக் மரக்கரிய எரிச்சாரு, மிஞ்சினது ஒரே ஒரு பவுண்டு சாம்பல். மிச்சம் 61 பவுண்டு எங்க போச்சு? புகையாப் போச்சுன்னு நாம சொல்லிட்டுப் போயிருவோம், அவரு விடல. ஏதோ ஒண்ணு வெளிய போயிருக்கு, கண்ணுக்குத் தெரியல, ஒரு பாத்திரத்துல மூடி வச்சு எரிச்சா பாத்திரத்தையே உடைச்சுக்கிட்டுப் போகுது. மது புளிக்கும்போது வர்றதும் இதுதான், சிப்பி மேல அமிலத்த ஊத்தினா நுரைச்சுக்கிட்டு வர்றதும் இதுதான்னு கண்டுபிடிச்சாரு (இப்ப நாம கார்பன் டை ஆக்சைடுன்னு சொல்றது பெரும்பாலும் அதுதான்). முதல்ல அதுக்கு லத்தீன்ல 'ஸ்பிரிட்டஸ் சில்வெஸ்ட்ரே'ன்னு பேர் வச்சாரு. ஸ்பிரிட்டஸ்னா ஆவி. சில்வெஸ்ட்ரேன்னா காட்டு. காட்டுப்பூனை, காட்டுத்தனம்னு நாம சொல்றோமே அந்தக் காட்டு, அடக்க முடியாததுன்னு அர்த்தம். ஆக 'காட்டு ஆவி'.

ஆனா ஆவின்னு சொல்றதுலயும் அவருக்குத் திருப்தி இல்ல. ஆவி குளிர்ந்தா தண்ணியாயிரும், இது ஆகல. காற்றுன்னும் சொல்ல முடியாது, ஏன்னா காற்றுங்கிறது அவருக்கு ஒரு மூலப்பொருள், எங்க போனாலும் ஒண்ணுதான், இதுவோ எரியிற பொருள் மாற மாற மாறுது. அப்பதான் எழுதுறாரு, பேருக்கே பஞ்சமா இருக்கிறதால இதுக்கு 'காஸ்'னு பேர் வச்சேன், இது பழைய ஆளுங்க சொன்ன கேயாஸ்ல இருந்து ரொம்ப தூரத்துல இல்லன்னு. (இந்தக் கேயாஸ் ஒரு கிரேக்கச் சொல், அதோட அர்த்தத்துக்கு அப்புறம் வரேன்.)

இந்த இடத்துலதான் பல பேர் தப்புப் பண்றாங்க. ஜெர்மன்ல ஆவிக்கு 'கைஸ்ட்', அதுலருந்துதான் கேஸ் வந்துச்சுன்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடுது. ஒலி ஒத்துப்போகுது, பொருளும் ஒத்துப்போகுது, கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா சொல்ல உண்டாக்கினவரே 'கேயாஸ்ல இருந்து ரொம்ப தூரத்துல இல்ல'ன்னு எழுதி வச்சதுக்கு அப்புறம் நாம வேற என்ன ஆராயுறது? கேயாஸுக்கும் காஸுக்கும் எழுத்து ஒத்துப்போகலையேன்னு கேக்கலாம். ஹெல்மான்ட் பேசினது டச்சு. டச்சுக்காரங்க ஜீ எழுத்த உச்சரிக்கிறதக் கேட்டுப் பாருங்க. நம்ம 'பகல்'ல வர்ற க இருக்கே, அதத் தொண்டைக்குள்ள இழுத்துக் காறின மாதிரி இருக்கும். கிரேக்க கேயாஸ்ல முதல்ல வர்றதும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். டச்சு வாயில சொன்னா காஸ், கேயாஸோட சுருங்கின வடிவம், அவ்ளோதான்.

கேயாஸ்னா இப்ப நமக்குக் குழப்பம், களேபரம். பழைய கிரேக்கத்துல அப்படி இல்ல, எல்லாம் உண்டாகிறதுக்கு முன்னாடி இருந்த பிளந்த வெட்டவெளி. வாயப் பிளக்கிறது, கொட்டாவி விடுறதுக்கான வேர்ச்சொல்லோட சொந்தம் அது. (கொட்டாவிலயும் ஒரு ஆவி இருக்குன்னு எனக்கு இத எழுதும்போதுதான் உறைச்சது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா ஒரு சந்தோஷம்.) ஹெல்மான்ட்டுக்கு முன்னாடியே பாராசெல்சஸ்ங்கிற சுவிஸ் டாக்டர் கேயாஸ்ங்கிற சொல்ல காற்று மாதிரியான ஊடகத்துக்குப் பயன்படுத்தியிருந்தாரு, ஹெல்மான்ட் அவரு வழியில வந்தவரு, அதனால அந்தச் சொல் கைக்கெட்டுற தூரத்துலயே இருந்துருக்கு.

ஹெல்மான்ட் வில்லோ மரத்த வச்சு ஒரு பரிசோதனையும் பண்ணினாரு. அடுப்புல காயவச்ச மண் 200 பவுண்டு, அதுல 5 பவுண்டு செடி, அஞ்சு வருஷம் வெறும் தண்ணி மட்டும் ஊத்தினாரு, தூசி விழாம தொட்டிக்குத் துளை போட்ட தகர மூடி வேற. கடைசியில மரம் 169 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல, மண்ணுல குறைஞ்சது ரெண்டு அவுன்ஸ் மாதிரி. அப்ப அந்த மரம் முழுக்க தண்ணியிலருந்துதான் வந்துச்சுன்னு முடிவு கட்டிட்டாரு. உண்மையில காஞ்ச மரத்தோட பெரும்பகுதி வந்தது கார்பன் டை ஆக்சைடுலருந்து, அதாவது அவரு பேர் வச்ச அதே காட்டு ஆவியிலருந்து! ஒரு கையில கரிய எரிச்சு அது கேஸாப் போறதப் பாக்குறாரு, இன்னொரு கையில கேஸ் மரமா வர்றதப் பாக்குறாரு, ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணல. அவரக் குத்தம் சொல்லல, அத முடிச்சுப் போட அடுத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இன்னொரு கேஸ் வரும்னு சொன்னேன்ல. காயத்துக்கு மருந்து போடாம காயப்படுத்தின ஆயுதத்துல மருந்து தடவினா காயம் ஆறும்னு ஒரு நம்பிக்கை அப்ப இருந்துச்சு, அது காந்தம் மாதிரி இயற்கையா நடக்கிறதுன்னு இவரு வாதாடி எழுதினது 1621ல அச்சாச்சு, சர்ச்சுக்காரங்க அதப் புடிச்சுக்கிட்டு மத விசாரணை வச்சு 1634ல கைதே பண்ணிட்டாங்க, அப்புறம் வீட்டுக்காவல். கேஸக் கண்டுபிடிச்சவரு மேலயே கேஸ்.

அவரு போனதுக்கு அப்புறம் அந்தச் சொல் ரொம்ப காலம் தூங்குச்சு. 18ம் நூற்றாண்டுல பிரிட்டன்ல ஜோசப் பிளாக், கேவண்டிஷ், பிரீஸ்ட்லின்னு வரிசையா ஆளுங்க கேஸ்களக் கண்டுபிடிக்கிறாங்க, ஆனா எல்லாமே அவங்களுக்குக் காற்றுதான், 'நிலைத்த காற்று', 'எரியும் காற்று' இப்படி. 1787ல பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் அவரு கூட்டாளிகளும் வேதியியல் பேர்களையெல்லாம் புதுசா அடுக்கினப்பதான் காஸ் எழுந்து உக்காந்துச்சு, ஆனா அர்த்தத்த மாத்திக்கிட்டு. ஹெல்மான்ட்டுக்கு அது ஒரு பொருள். லவாய்சியேவுக்கு அது ஒரு நிலை, எந்தப் பொருளும் போதுமான வெப்பம் கிடைச்சா அந்த நிலைக்குப் போகலாம். நம்ம பாடப் புத்தகத்துல திண்மம், திரவம், வாயுன்னு படிச்சது இந்த ரெண்டாவது அர்த்தம்.

இப்ப தமிழுக்கு வருவோம். வாயு வடமொழி, வேர்ச்சொல்லோட அர்த்தம் வீசுறது, அதாவது காத்து. வளி பழைய தமிழ், அதுவும் காத்துதான். புறநானூறு கரிகாலன் முன்னோர 'வளி தொழில் ஆண்ட உரவோன்'னு சொல்லுது, கடல்ல காத்த அடக்கிக் கப்பல் ஓட்டினவன்னு. தொல்காப்பியத்துல 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்'னு வரும். அந்த 'மயக்கம்' கலப்புங்கிற பொருள்ல, கேயாஸுக்குப் பக்கத்து வீடு மாதிரி எனக்குத் தோணும். உடம்புக்குள்ள இருக்கிற வாதத்துக்கும் வளிதான், 'வளிமுதலா எண்ணிய மூன்று'ன்னு வள்ளுவர், அதத்தான் நாம கேஸ் ட்ரபிள்னு மெடிக்கல்ல போய் நிக்கிறோம்.

ஆனா சிக்கல் என்னன்னா, கேஸ்ங்கிற சொல் பிறந்ததே 'இது காத்து இல்ல'ன்னு சொல்றதுக்குத்தான். அத வளின்னு மட்டும் சொன்னா ஹெல்மான்ட் எங்க ஆரம்பிச்சாரோ அங்கயே கொண்டுபோய் விடுற மாதிரி. ஆவின்னாலும் அதே கதை, நம்ம ஆவிக்கு இட்லி வேகுற ஆவி, உயிர், பேய் எல்லாம் அர்த்தம், லத்தீன் ஸ்பிரிட்டஸும் அப்படித்தான் மூச்சு, உயிர், பேய்னு பரந்து கிடக்கும், அவரு வேணாம்னு விட்டதே அது. அதனால என் ஓட்டு வளிமத்துக்குத்தான். திண்மம், நீர்மம், வளிமம்னு மூணும் ஒரே அச்சுல வருது, காத்தோட வேர் இருந்தாலும் காத்து இல்ல, லவாய்சியே சொன்ன நிலைக்குச் சரியா பொருந்துது. கூட்டுச்சொல்லுல உயிர்வளி, எரிவாயு, நச்சுவாயு எல்லாம் பழகிப்போச்சு, அதுல கைவைக்க வேணாம். கண்ணீர்ப்புகைங்கிறது மட்டும் 'டியர் கேஸ்'ங்கிற மூலத்த விட நல்ல மொழிபெயர்ப்பு, போலீஸ் அடிக்கிற அந்த சிஎஸ்ங்கிற வேதிப்பொருள் சாதாரண வெப்பத்துல வளிமமே கிடையாது, திண்மத்தூள், அது புகையாத்தான் பரவுது.

வேடிக்கை என்னன்னா, 1869ல தாமஸ் ஆண்ட்ரூஸ்ங்கிற வேதியியலாளர் ஆவிக்கும் வளிமத்துக்கும் ஒரு எல்லைக் கோடு போட்டாரு. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல போனா எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, அது வளிமம், அதுக்குக் கீழ அழுத்தினா திரவமாயிரும், அது ஆவி. ஒவ்வொரு பொருளுக்கும் இந்த டிகிரி வேற. நம்ம 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற புரொப்பேன், பியூட்டேனுக்கு அது 90 டிகிரிக்கும் மேல, அதனாலதான் சாதாரண வெப்பத்துலயே அழுத்தித் திரவமா அடைக்க முடியுது. அந்தக் கணக்குப்படி அடுப்புல வர்றது கேஸே இல்ல, ஆவி. அதுக்காக ஏஜென்சிக்குப் போன் போட்டு 'ஒரு ஆவி புக் பண்ணணும்'னு சொல்லிப் பாருங்க, என்ன கேஸ் புக் ஆகுதுன்னு தெரியும்.