சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் பித்தம்

மீன் வெட்டுகிறவர் வயிற்றைக் கீறியதும் முதலில் தேடுவது கரும்பச்சை நிறத்தில் இருக்கும் ஒரு சிறு பையை. அது உடையாமல் இரண்டு விரல்களால் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் மற்ற வேலை. உடைந்துவிட்டால் பக்கத்துச் சதையெல்லாம் கசக்கும். எத்தனை முறை அலசினாலும் கசப்பு முழுதாகப் போகாது. அந்தக் கசப்பு நீர்தான் பித்தநீர். நமக்கும் கல்லீரலுக்கு அடியில் அப்படி ஒரு பை இருக்கிறது.

நெய் மிதக்கும் பொங்கலைச் சாப்பிடுகிறோம். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் குடல் சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்சுகிறது. அதில் இருக்கும் பித்த அமிலங்கள், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தட்டில் சோப்பு செய்யும் வேலையைச் செய்கின்றன. நெய் நுண்துளிகளாகச் சிதறுகிறது. நொதிகள் அதைச் செரிக்கின்றன. இந்த அமிலங்களைக் கல்லீரல் தயாரிப்பது கொலஸ்ட்ராலிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். கொலஸ்ட்ராலை உடல் வெளியேற்றும் முக்கியமான வழி இதுதான்.

வேலை முடிந்ததும் உடல் பித்த அமிலங்களை வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சி, கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. மொத்தக் கையிருப்பு சில கிராம்தான். அதுவே ஒரு நாளில் பல முறை சுற்றி வருகிறது. திரும்பி வருவதைக் கல்லீரல் பெரும்பாலும் வாரிக்கொண்டாலும், கொஞ்சம் நழுவிப் பொது இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் அந்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்குக் கீழே இருப்பதே இயல்பு. சாப்பிட்ட பிறகு அது இரண்டு மூன்று மடங்கு ஏறி, பிறகு தணிகிறது. தலைசுற்றினால் ‘பித்தம்’ என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நழுவிய இந்தக் கொஞ்சத்தை வெறும் கசிவு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1999இல் அந்த எண்ணம் மாறியது. உயிரணுக்களுக்குள் இருக்கும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி, அதாவது சேதியைப் பெற்றுக்கொள்ளும் புரதம், பித்த அமிலங்களை அடையாளம் காண்கிறது என்று தெரிந்தது. பிறகு உயிரணுக்களின் மேற்பரப்பில் டிஜிஆர்5 என்ற இன்னொரு ஏற்பியும் கண்டறியப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், பித்த அமிலம் கலந்த கொழுப்பு உணவைத் தின்ற எலிகளின் பழுப்புக் கொழுப்புத் திசு கூடுதலாக ஆற்றலை எரித்தது, எடை ஏறவில்லை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் பிறகு பித்த அமிலத்தை வெறும் சோப்பாக யாரும் பார்க்கவில்லை. ‘சாப்பாடு வந்திருக்கிறது’ என்று உடலுக்குச் சேதி சொல்லும் ஹார்மோனாகவும் பார்க்கிறார்கள்.

உடல் பருமன் இந்தச் சேதியைக் குழப்புகிறது. பருமனானவர்களிடமும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதவர்களிடமும் வெறும் வயிற்று அளவு சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சாப்பிட்ட பிறகு வர வேண்டிய ஏற்றம் அவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. தாழ வேண்டிய நேரத்தில் தாழவில்லை, ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை. பித்தப்பை மந்தமாகச் சுருங்குவதும், கொழுப்பு படிந்த கல்லீரல் திரும்பி வரும் அமிலத்தை முழுதாக வாரிக்கொள்ளாததும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அதனால், எப்போது சாப்பிட்டார் என்று கேட்காமல் ஒருவரின் பித்த அமில அளவை இன்னொருவருடையதோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை என்பேன்.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் இதை மாற்றுகிறது. ஓட்ஸ், பார்லி போன்றவற்றில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து, குடலில் கூழாகிப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது. ஓட்ஸ் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவது முக்கியமாக இதனால்தான். இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவு வேறு திசையில் இழுக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தே நாட்கள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் சாப்பிட்டவர்களின் குடலில் பித்தத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகின. பாக்டீரியாக்கள் மாற்றி உருவாக்கும் டிஆக்சிகோலிக் அமிலம் மலத்தில் உயர்ந்தது. ஐந்து நாட்களிலேயே இவ்வளவு மாற்றம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சையில் இன்னொரு புதிர் இருக்கிறது. அதைச் செய்துகொண்டவர்களின் இரத்தத்தில் பித்த அமிலம் கூடுகிறது. உணவைக் குறைத்து மட்டுமே இளைத்தவர்களிடம் பெரும்பாலும் அப்படிக் கூடுவதில்லை. அறுவைக்குப் பின் பித்தநீர் உணவோடு கலக்காமலே குடலில் வெகுதூரம் கீழே இறங்குகிறது. அங்கே பசியைத் தணிக்கும், இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனைச் சுரக்கும் உயிரணுக்கள் நிறைய உள்ளன. அவற்றின் மேல் டிஜிஆர்5 ஏற்பியும் இருக்கிறது. எடை முழுதாக இறங்கும் முன்பே சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடுவதில் பித்தத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.